டிங் எண்டா நிப்பாட்டு

சனிக்கிழமை காலமை ஆறு ஐம்பதுக்கு அஜக்ஸில ரெயின் ஏறினன். வீக்கெண்ட் பாஸ் பத்து டொலர். யூனியன் ஸ்ரேசனுக்கு நாப்பத்தஞ்சு கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். அதுக்குள்ள நாலு கன்டனீஸ் சொல்லுப் பாடமாக்க வேணும். பள்ளிக்கூடத்தில வருசத்துக்கு நாலு சொல்லு ஏறாத மண்டை.

என்னோட வெயார்ஹவுசில வேலை செய்யிற ஹொங்கொங் பெட்டை மே, ட்ராகன் வள்ள ரீமுக்குக் கப்டன். துடுப்பு வலிக்கிற இருபது பேரில ஒராள் குறைய, என்னைக் கூப்பிட்டவ. "கொமாண்ட் எல்லாம் கன்டனீஸ்தான். பிழைவிட்டா இண்டையோட சீட் போச்சு. வள்ளத்துக்குள்ள கதைக்கவும் கூடாது." என்ர வாய் அவவுக்குத் தெரியும்.

ரெயினுக்குள்ள வாய்விட்டுச் சொல்லிப் பாத்தன். "யூபேய், ரெடி. ஃபாய், கெதியா. மான், மெதுவா. டிங், நிப்பாட்டு."

முன் சீட்டுத் தமிழ் அங்கிள் திரும்பினார். "தம்பி, ஆருக்கு மந்திரிக்கிறீர்?"

"வள்ள ரேஸுக்குப் போறன் அங்கிள்."

"நீந்தத் தெரியுமோ?"

"லைஃப் ஜாக்கெட்டுக்குத் தெரியும்."

எட்டரைக்குப் பெரிக் கப்பல். ஒன்பது டொலர் சொச்சம், ஐலண்டுக்குப் பதினைஞ்சு நிமிசம். நல்ல காத்து.

பத்து மணிக்கு ரேஸ். பத்து வரிசையில நான் நடுவில, அஞ்சாம் வரிசை. முன்னுக்கு ட்ராகன் தலையும் மேளக்காரனும், பின்னுக்கு நீட்டுத் துடுப்போட மே. பாதித் தூரத்தில பக்கத்து வள்ளம் எங்கட பாதைக்குள்ள சரிஞ்சுது.

"டிங்!" எண்டு மே கத்தினா. நடுவிலயும் பின்னுக்கும் இருந்த நாங்கள் நிப்பாட்டினம். எதிர்க்காத்து, முன்வரிசைக்குக் கேக்கேல்லை, வலிச்சுக்கொண்டே இருக்கினம். கதைச்சா சீட் போகும். கதைக்காட்டி ட்ராகன்ர மூக்குப் போகும்.

"டிங்! டிங்!"

நான் கத்தின கத்தில மேளக்காரன் தடியையே விட்டிட்டான். முன்வரிசையும் நிண்டுது. மற்ற வள்ளம் ஒரு முழத்தில விலகிப் போச்சு. பிறகு மே "ஃபாய்!" எண்டா, நானும் "ஃபாய்!" எண்டன். இனிப் போறதுக்கு என்ன இருக்கு?

நாலு வள்ளத்தில நாலாவதா வந்தம்.

கரையில மே வந்தா. "நான் என்ன சொன்னனான்?"

"கதைக்கக் கூடாதெண்டு."

"அஞ்சாம் வரிசை இனி உன்ர. நான் சொல்லுறதை முன்னுக்குக் கேக்கிற மாதிரிக் கத்து. அதை மட்டும் கத்து."

திரும்பிற பெரியில அவவிட்டக் கேட்டன், தோத்ததுக்குக் கன்டனீஸில என்ன சொல்லு?

"சூ."

"வெண்டதுக்கு?"

"வெல்லுற அண்டைக்குச் சொல்லித்தாறன்."

ரெயினில அஜக்ஸ் வரைக்கும் ஒரு மணித்தியாலம் போன் கையிலதான் இருந்தது. அந்தச் சொல்லைத் தேடினா ஒரு செக்கன் வேலை. தேடேல்லை.