மகன் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம்

எங்கள் தோட்டத்து ஆபீஸ் கடிகாரம் இப்போது மறுபடியும் சூரியனோடு ஒத்துப்போகிறது. ஜப்பான்காரர்கள் இருந்த மூன்றரை வருடமும் அது தோக்கியோவின் நேரத்தைத்தான் காட்டியது. முள் ஆறைத் தாண்டி நிற்கும்; வெளியே ரப்பர் மரங்களுக்கிடையில் விடியலின் சாயலே இருக்காது. முதல் வாரம் எல்லாரும் தடுமாறினோம். பிறகு கால்களும் கைகளும் பழகிவிட்டன. வயிறு மட்டும் பழைய நேரத்திலேயே பசித்தது. ஆண்டும் அப்படித்தான். நமக்கு 1943 என்றால் அவர்கள் கணக்கில் அது 2603. ஆபீஸ் கடிதங்களில் அந்த எண்ணை எழுதி எழுதி எனக்கு அது வினோதமாகவே படாமல் போயிற்று. எண்கள் என்பவை எங்கோ இருக்கும் யாரோ மாற்றிக்கொள்ளக் கூடியவை, மாற்றினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்ற எண்ணம் அந்த நாட்களில் எனக்குள் ஊறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிரம்பானில் அந்தக் கவுண்ட்டரின் முன்னால் என் வாய் அவ்வளவு எளிதாகத் திறந்திருக்காது.

கப்பல் ஓடத் தொடங்கிவிட்டதே, இன்னும் ஏன் புறப்படவில்லை என்று கேட்டு ஊரிலிருந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். இங்கே என்னைப் போல இருக்கிறவர்களும் படித்தால் நல்லது. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இந்த மலாய் நாட்டில், லாபுவிலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கும் ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. அதாவது, வேலைக்கு வந்தவர்களின் பெயரையும் வயதையும் கூலியையும் செக்ரோலில் எழுதும் குமாஸ்தா. இருபத்திரண்டு வருடமாக அதுதான் தொழில். மனைவி செல்லம்மாள், மகன் மணி, அவனுக்கு ஐந்து வயது இளையவள் பார்வதி. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டம் ஒரு ஜப்பானியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. பால் வெட்டுவது பாதியாகக் குறைந்து, மரத்தை வெட்டிய இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டோம். அப்போதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்றார்கள்; நம்பிப் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கேட்பது நின்றது. லாரி வந்தது.

எங்கள் தோட்டத்துக்கு லாரி வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், சுற்றுவட்டாரத் தோட்டக் கிராணிகளை எல்லாம் சிரம்பானுக்கு வரச்சொன்னார்கள். ஜப்பானியர்கள் அங்கே ஒரு சேமிப்பு வங்கி திறந்திருந்தார்கள். ஓர் அதிகாரி மேடையில் அரை மணி நேரம் பேசினார். மொழிபெயர்த்தவர் இரண்டே வரியில் முடித்தார்: எல்லாரும் கணக்குத் திறக்க வேண்டும், சேமிக்கிறவர்களை அரசாங்கம் மறக்காது. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் திரும்பி வரும் வழியில், பஸ்ஸில் இருந்த நாங்கள் பத்துப் பதினைந்து பேரும் அதை எங்களுக்கு வேண்டியபடி நீட்டிக்கொண்டோம். வங்கிப் புத்தகம் வைத்திருப்பவன் நிலையான ஆள், விசுவாசமான ஆள், அவனைச் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள் என்று லாபுவில் இறங்கும்போது அது உறுதியான செய்தியாகிவிட்டது. யார் முதலில் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. நானாகக்கூட இருக்கலாம்.

அதுவரை இந்த நாட்டில் எனக்கு ஒரு வங்கிக் கணக்கு இருந்ததில்லை. வெள்ளைக்காரர்களின் வங்கிக்குத் துரையின் கடிதத்தோடு சில முறை போயிருக்கிறேன். கடிதத்தை வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டு வெளியே ஐந்தடி நடைபாதையில் நின்றுகொள்வேன். எங்களில் யாருக்கும் கணக்குத் தேவைப்படவில்லை. பணம் கிடைப்பது இங்கே, அது இருக்க வேண்டிய இடம் ஊர் என்பது எங்கள் எண்ணம். சிரம்பான் செட்டியார் கடையில் கட்டினால் அங்கே என் அப்பாவின் கையில் போய்ச் சேரும். அவர் அதை நிலமாக்கினார், தங்கை கல்யாணமாக்கினார். ஒருவன் இங்கே கணக்குத் திறந்தால், அவன் திரும்பிப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டான் என்று அர்த்தம். அந்நியன் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி, எங்கள் பணம் இந்த மண்ணில் தங்காததுதான்.

கணக்குத் திறக்க, உள்ளூர்க்காரர் ஒருவரின் அத்தாட்சி வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கம்பத்தின், அதாவது மலாய்க்காரர்கள் வாழும் கிராமத்தின், தலைவரிடம் போனேன். நல்ல மனிதர். நான் கையெழுத்து என்றதும், "பாலிக் இந்தியாகா?" என்று வருத்தமாகக் கேட்டார். இந்தியாவுக்குத் திரும்பப் போகிறாயா என்று. ஒரு தமிழன் கடுதாசியோடு வந்தால் அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். இல்லை, இங்கேயே இருப்பதற்கு, என் மகனுக்கு என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் நம்பவில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டார். பயணத்துக்கு வைத்துக்கொள் என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தனுப்பினார்.

அந்தப் பழத்தோடு வரும்போதுதான் எங்கள் மண்டோர் வீரன் எதிரில் வந்தார். வேலை மேற்பார்க்கிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். ஜப்பான் நோட்டில் வாழைமரம் அச்சடித்திருக்கும், அதை வைத்துக்கொண்டு எங்களைக் கேலி செய்வது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

"பேங்குல நட்டா தாரு போடுமாங்கய்யா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம் பயல நான் உள்ளாற ஒரு மலாய்க்காரரு ஊட்டுல மாடு பாக்க உட்டுட்டேன். தொப்பியும் சாரமும் மாட்டிட்டு மலாய்க்காரப் பய மாதிரி திரியிறான். தம்பியையும் அனுப்புங்கய்யா. இன்னிக்கே வேணாலும் கூட்டிட்டுப் போறேன்."

ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் படித்த என் மகனை மாடு மேய்க்க அனுப்புவதா என்று எனக்குத் தோன்றியது. காகிதம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் மணியையும் அழைத்துக்கொண்டு சிரம்பான் போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். பெயர், தோட்டம், லயத்து வீட்டு எண் எல்லாம் எழுதிக்கொண்டு, நாடு எதெண்டு போட என்று கேட்டார். இந்தியா என்றேன். இங்கே எத்தனை வருடம் என்று கேட்டார். சொன்னேன். மகன் பிறந்தது எங்கே என்று கேட்டார். இதே தோட்டத்தில் என்றேன். அவர் மணியை ஒருமுறை பார்த்துவிட்டு, அவனுக்கும் இந்தியா என்றே எழுதினார். "வேற பெட்டி இல்லை ஐயா. நானும் சிலோன் எண்டுதான் போட்டனான். அங்க போய் முப்பது வருசம்," என்றார். மூன்று பேரும் கொஞ்சம் சிரித்தோம்.

பிறகு வயது. மணிக்குப் பதினாறு நிரம்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பதினெட்டு ஆகாதவர்களுக்குத் தனிப் புத்தகம் கிடையாது, தகப்பன் புத்தகத்திலேயே பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். எனக்கு அது போதவில்லை. லாரி வருகிற நேரத்தில் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் இருந்தால்? அவன் கையில், அவன் பெயரில், அவன் ரேகையோடு ஒரு புத்தகம் வேண்டும். பதினெட்டு என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "ஏன் ஐயா அவசரப்படுறியள்? உங்கட புத்தகத்திலயே இருக்கட்டுமே."

"பதினெட்டுதாங்க. நான் கிராணி. செக்ரோல்ல என் கையாலதான் எழுதியிருக்கேன்," என்றேன். செக்ரோலில் மணியின் பெயரே கிடையாது. மணி என்னைப் பார்த்தான்.

இதை நீங்கள் பெரிய பொய்யாக நினைக்கக்கூடும். எனக்கு அது பொய்யாகவே படவில்லை. நம் ஊர்ப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் என் வயதில் ஒன்றைக் குறைத்துத்தான் எழுதினார். பின்னால் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் ஒரு வருடம் கூடுதலாக இருக்கலாமே என்று. இங்கே தோட்டத்தில் கூட்டி எழுதுவது வழக்கம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் கணக்கில் சேர்த்தால் பெரியவர்கள் கூலி கிடைக்கும். தாய்மார்கள் ஆபீஸ் படியில் நின்று, கொஞ்சம் கூட்டிப் போடுங்கய்யா என்று கேட்பார்கள். நான் போட்டுக் கொடுப்பேன். அப்படி எத்தனை பிள்ளைகளுக்கு நான் வயது கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்த வீட்டிலும் பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லை. வயது என்பது கிராணி எழுதுவது. அதை எழுதிக் கொடுத்ததற்காக எல்லாரும் என்னைக் கும்பிட்டார்களே தவிர, யாருக்கும் அதனால் ஒரு தீங்கும் வந்ததில்லை.

பதினெட்டு என்று எழுதி வாங்கிய மணியின் புத்தகத்தைச் செல்லம்மாளிடம் கொடுத்து, லாரி வந்தால் இதைக் காட்டினால் போதும் என்று சொன்னேன். வயது விவகாரத்தை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். உள்ளே எழுதியிருந்தது இங்கிலீஷிலும் ஜப்பானிய எழுத்திலும். அதை டிரங்குப் பெட்டியில் எல்லாத் துணிக்கும் மேலே, கை வைத்ததும் கிடைக்கும்படி வைத்தாள்.

லாரி ஒரு காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில் வந்தது. ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், சிரம்பானிலிருந்து வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். பதினெட்டிலிருந்து நாற்பதுக்குள் பன்னிரண்டு ஆண்கள் வேண்டும். செக்ரோலைப் பார்த்துப் பதினொரு பேரை நிறுத்தினார்கள். எனக்கு உதவியாக ஆபீஸ் வாசலில் நின்றிருந்த மணியை அதிகாரி அப்போதுதான் கவனித்தார். அந்தப் பஞ்சத்திலும் அவன் உயரமாகத்தான் வளர்ந்திருந்தான். பதினாறு வயது என்றேன். உண்மை என்பதால் பயமில்லாமல் சொன்னேன். அதிகாரி தலையசைத்துவிட்டு நகரத்தான் போனார் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

அதற்குள் செல்லம்மாள் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். கையில் புத்தகம். அவள் வருவதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அந்தக் கணத்தில் என் நினைவிலேயே இல்லை. காகிதம் வந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

அவள் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அதிகாரி வாங்கித் திறந்தார். அவருக்குச் சந்தோஷம். "பாகுஸ், பாகுஸ்," என்றார். நல்லது, நல்லது என்று. பிறகு அவர் விரல் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது. "லாப்பான் பெலாஸ்," என்றார். பதினெட்டு.

நான் இல்லை இல்லை என்று மொழிபெயர்ப்பாளரிடம் தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது கணக்குத் திறப்பதற்காகச் சொன்னது, பையனுக்குப் பதினாறுதான் என்றேன். அவர் அதை அதிகாரியிடம் சொல்லவில்லை. என் பக்கம் குனிந்து, "அப்ப கவர்மெண்டு பேங்குல பொய் சொன்னீங்களா? அதை நான் இவர்கிட்ட சொன்னா ஒங்களுக்கு என்ன ஆகும் தெரியும்ல?" என்றார். மிரட்டலாக இல்லை, எச்சரிக்கையாகத்தான் சொன்னார்.

மணி அதைக் கேட்டுவிட்டான். "விடுங்கப்பா. பதினெட்டுதான்," என்றான். அம்மாவைப் பார்த்து, "மூணு மாசந்தான்லா, வந்துருவேன்," என்றான். மாற்றுச் சட்டை எடுத்து வரக்கூட நேரம் தரவில்லை. செல்லம்மாளுக்கு நடந்தது புரியவில்லை. அதிகாரி புத்தகத்தை மரியாதையாக அவளிடமே திருப்பிக் கொடுத்தார். லாரி போன பிறகு அவள் அதை என்னிடம் நீட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். அன்றைக்கு அவள் கேட்டதோடு சரி. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜப்பான்காரர்கள் தோற்றுப் போன மறுவாரமே அவர்கள் நோட்டு குப்பையாகிவிட்டது, வங்கியும் போயிற்று. வீரனின் மகன் கம்பத்திலிருந்து சாரத்தோடு திரும்பி வந்து வேலைக்குப் பெயர் கொடுத்தான், நான்தான் எழுதினேன். சயாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பன்னிரண்டு பேரில் இருவர் வந்தார்கள். ஒருவன், மணி காய்ச்சல் கொட்டகையில் படுத்திருந்ததைப் பார்த்தேன் என்றான். இன்னொருவன், அது வேறு தோட்டத்து மணி, நம்ம தம்பியை மேலே இன்னொரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்றான். இருவரையும் பலமுறை கேட்டுவிட்டேன். இப்போது என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்கள்.

பார்வதிக்குக் கால்கள் வீங்கி, நடந்தால் மூச்சு வாங்குகிறது. அரிசியில்லாமல் வந்த நோய், நல்ல சாப்பாடு இருந்தால்தான் தேறுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் செல்லம்மாளின் அண்ணன் வீட்டில் நெல் இருக்கிறது. மூன்று பேருக்கும் டிக்கெட் எடுக்கிறேன் என்று நான் சொன்னபோது அவள் பார்வதிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டு டிக்கெட் போதும். வந்து தேடுனா யாராச்சும் ஒருத்தர் இங்க இருக்கணும்ல," என்றாள்.

போன வாரம் அவர்களைச் சிரம்பான் ஸ்டேஷனில் ரயிலேற்றினேன். துறைமுகத்துக்குப் போகும் வண்டி. பெட்டியை ஏற்றி, பார்வதியை ஜன்னலோரம் உட்கார வைத்து, கீழே இறங்கி நின்றேன். சொல்ல வேண்டியதை நினைத்துக்கொண்டிருந்தபோது எதிர்ப்பக்கத்துப் பிளாட்பாரத்தில் வடக்கேயிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. சயாம் ஆட்கள். எலும்பும் கோணியுமாக இறங்கினார்கள். நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். ஒவ்வொரு ஜன்னலாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். உயரமான ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். அவனுக்கு நாற்பது வயதிருக்கும். எனக்குப் பின்னால் விசில் ஊதியது கேட்டது. மீதி இரண்டு பெட்டிகள் இருந்தன. அவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பியபோது எங்கள் பிளாட்பாரத்தில் வண்டி இல்லை. செல்லம்மாள் கையசைத்தாளா என்று எனக்குத் தெரியாது.