அனுப்ப வேண்டாம் என்று சொன்னவள்

மெட்ராஸில் நான் ரஷ்ய மொழி படித்ததற்கு இலக்கிய ஆர்வம்தான் காரணம் என்று பலரிடம் அளந்து விட்டிருக்கிறேன். உண்மையில் அந்த வகுப்பறையில் ஏ.சி. இருந்தது. மே மாதச் சாயங்காலத்தில் வியர்க்காமல் உட்கார வேறு இடம் எனக்குத் தெரியாது. கட்டணமும் கொஞ்சம்தான். போய்ப் போய் உட்கார்ந்ததில் மொழியும் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து, கிரீன் கார்டு கைக்கு வந்து, வேலை தேடக் கிளம்பியபோது என்னுடைய பி.காம். பட்டத்தை ஒருவரும் சீண்டவில்லை. அந்த ஏ.சி. வகுப்புதான் கைகொடுத்தது.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ரூட் 18 ஓரமாக, ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. ரஷ்யாவுக்கு மருந்து ஏற்றுமதி செய்யும் சின்னக் கம்பெனி. சோவியத் யூனியன் உடைந்த கையோடு அங்கே மருந்துக்கு வந்த பஞ்சத்தைப் பார்த்து முதலாளி ஆரம்பித்தது. அவர் அறுபது தாண்டிய அமெரிக்கர். ரஷ்யாவுக்கு விற்பார், ஆனால் ரஷ்யாவுக்குப் போகமாட்டார். நியூ ஜெர்சியைத் தாண்டி எந்த ஊர் மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. என் வேலை கிரெடிட். பணம் வருவதற்கு முன்பே யாருக்குச் சரக்கு அனுப்பலாம், யாருக்குக் கூடாது என்று வாரம் ஒரு குறிப்பு எழுதித் தரவேண்டும்.

இதை எழுதுவது சுலபமில்லை. அங்கே அரசாங்கம் வெளியிடும் புள்ளிவிவரமும் ஊரில் நடப்பதும் ஒன்றையொன்று முகம்கொடுத்துப் பார்த்ததே இல்லை. சுங்கத்தில் நேற்று இருந்த விதி இன்று இருக்காது. வரி எவ்வளவு என்பது அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. கடை வைத்திருப்பவன் மாதாமாதம் ஏதாவது ஒரு கும்பலுக்குக் கப்பம் கட்டவேண்டும். அதற்கு அங்கே ‘கூரை’ என்று பெயர். தலைக்கு மேல் கூரை இல்லாவிட்டால் மழை பெய்யும், அவ்வளவுதான் விளக்கம். நான் குறிப்பில் ‘பாதுகாப்புச் செலவு’ என்று நாகரிகமாக எழுதிவிடுவேன்.

எனக்குக் கிடைத்த நல்ல தகவலெல்லாம் வேறு வழியில் வந்தது. போனை எடுத்தால் சாப்பிட்டாயா என்று கேட்காமல் நம்மால் பேச்சை ஆரம்பிக்க முடியாது. ரஷ்ய மொழியிலும் எனக்கு அது அப்படியே வந்துவிட்டது. முதலில் எல்லோரும் திகைத்தார்கள். எதற்குக் கேட்கிறாள் என்று சந்தேகப்பட்டார்கள். பிறகு பழகிப்போய் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். வெண்ணெய் கடைக்கு வந்திருக்கிறது, ஆனால் வாங்க முடியாது. இந்த வாரம் உருளைக்கிழங்குதான். மாமனார் தோட்டத்து முட்டைக்கோஸ். எந்த ஊரில் சம்பளம் நின்றுவிட்டது, எங்கே மறுபடி வர ஆரம்பித்திருக்கிறது என்று எனக்கு இப்படித்தான் தெரியும். “சோறு பார்த்து கிரெடிட் குடுக்கிற ஒரே ஆபீஸ் உங்களுதுதான்,” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். முதலாளியும் சிரிப்பார். ஆனால் என் குறிப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

அந்த வாடிக்கையாளர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வோல்கா நதிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மூன்று மருந்துக்கடை வைத்திருந்தாள். மருந்தியல் படித்தவள், என் வயதுதான். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். குழந்தை இல்லை. அந்த ஊருக்கே சோறு போட்ட கண்ணாடி ஆலையில் பணம் இல்லாமல், சம்பளத்துக்குப் பதிலாகக் கண்ணாடித் தம்ளர்களைக் கொடுத்து அனுப்பினார்கள். ஜனங்கள் அதைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்று பிரயாணிகளிடம் விற்பார்கள். தம்ளர் விற்கிற தாய்மார்களுக்கு இவள் காய்ச்சல் சிரப்பைக் கடனுக்குக் கொடுப்பாள். எங்களுக்கு மட்டும் தவணை தவறாமல் கட்டுவாள். தாமதமானால் நான் கேட்பதற்கு முன்னால் அவளே கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள்.

வாரம் ஒருமுறை காலையில் பேசுவோம். அங்கே அப்போது சாயங்காலம் ஆகியிருக்கும். வியாபாரம் பேசுவது கொஞ்சம்தான், மீதியெல்லாம் ஊர்க்கதை. என் பெண்ணுக்கு டேகேரில் சேர்ந்த நாளிலிருந்து காதுவலி. எந்தச் சொட்டு மருந்து போடலாம், எதைப் போடக் கூடாது என்று அவள் அங்கேயிருந்து சொல்வாள். அடுத்த வாரம் மறக்காமல் காது எப்படி இருக்கிறது என்பாள். அவள் பேசுவது ரஷ்யன்தான். ஆனால் என் மனசுக்குள் அது எங்கள் தெருப் பெண் ஒருத்தி பேசுகிற மாதிரியே விழும். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இருந்தும் அமெரிக்காவில் எனக்கிருந்த நெருங்கிய சிநேகிதி யார் என்று கேட்டிருந்தால், ரஷ்யாவில் இருக்கிற அவளைத்தான் சொல்லியிருப்பேன்.

1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது. எங்கள் ஃபேக்ஸ் மெஷினுக்கு அன்றிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: உடனே சரக்கை அனுப்புங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு அனுப்புங்கள், பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையில் சரக்கு இருப்பவன்தான் பிழைப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். திருப்பிக் கட்டப்போவதில்லை என்பதும் பல பேருக்குத் தெரிந்திருக்கும். முதலாளி டையைத் தளர்த்திவிட்டு, ஒன்றும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

இவளுடைய கண்டெய்னர் அப்போது துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்தது. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப், இருமல் மருந்து, ஆன்டிபயாடிக். இவளிடமிருந்து மட்டும் ஃபேக்ஸ் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

“அப்புறம் சாப்பிடறேன்,” என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. இருப்பது காய்ந்த ரொட்டியானாலும் அதை விவரமாகச் சொல்லிக் கேலி செய்கிறவள். பிறகு, “அந்தக் கண்டெய்னரை அனுப்பாதே. பேங்க்காரன் கதவைச் சாத்திட்டான். உள்ள இருக்கற பணம் வருமான்னு தெரியலை. வந்தாலும் பாதிகூடத் தேறாது. உன் பேச்சை நம்பித்தானே இந்தச் சரக்கை அனுப்பறாங்க. வேண்டாம்,” என்றாள்.

கடைகளை என்ன செய்வாய் என்று கேட்டேன். மூடிவிடுகிறேன் என்றாள், சாயங்காலம் ஷட்டரை இறக்கப் போகிறவள் மாதிரி.

முதலாளியிடம் சொன்னபோது அவருக்கு நிம்மதி. அவளே வேண்டாம் என்றுவிட்டாள், பேச்சு முடிந்தது என்றார். எனக்கு முடியவில்லை. சரக்கு போகாவிட்டால் அந்த மூன்று கடைகளும் போய்விடும். அவளுக்கென்று இருந்ததே அவைதான். வீட்டுக்கு வந்து பெண்ணுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

“அவளே வேண்டாம்னு சொல்றா. நீ எதுக்கு ஃபோர்ஸ் பண்றே? நாளைக்கு ப்ராப்ளம் ஆனா உன் ஜாபுக்குத்தான் வேட்டு.”

“பந்தியில போதும்னு கையை இலைமேல வெச்சா உங்கம்மா விட்டுடுவாங்களா? விரல் இடுக்கு வழியாத்தானே போடுவாங்க?”

“அது சோறு. இது கண்டெய்னர்,” என்றார் அவர்.

சரியான வாதம்தான். ஆனால் எனக்கு ஏறவில்லை. வேண்டாம் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும்படி நான் வளர்க்கப்படவில்லை. எங்கள் வீட்டில் முதல் வேண்டாமுக்கு மதிப்பே கிடையாது. மூன்றாவது வேண்டாமைத்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். பசியோடு இருக்கிறவள்தான் எனக்கு வேண்டாம் என்று முந்திக்கொண்டு சொல்வாள் என்பது என் ரத்தத்தில் ஊறியிருந்தது. இதை ஆங்கிலத்தில் ஓர் அமெரிக்க முதலாளிக்கு எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. மறுநாள் காலை அவருக்குப் புரிகிற பாஷையில் பேசினேன். ஏமாற்ற நினைப்பவர்கள் எல்லோரும் இந்த வாரம் சரக்கு கேட்கிறார்கள், கேட்காதவள் இவள் ஒருத்திதான். இதுவரை இவள் நமக்கு ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை. அந்த ஊர் ஜனங்கள் ரொட்டியைக் குறைத்துக்கொண்டாவது குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்குவார்கள். அதைவிட முக்கியம், பெட்டிக்குப் பெட்டி ரஷ்ய எழுத்தில் லேபிள் அடித்தாயிற்று, அதை ரூட் 18-இல் யாருக்கு விற்பது?

அவர் ஜன்னல் வழியே கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், இது ஒன்றை அனுப்புகிறேன், வேறெதுவும் கிடையாது, இதன் பணம் வராமல் போனால் அடுத்த குறிப்பை எழுத வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். சரி என்றேன்.

கப்பல் கிளம்பிய பிறகுதான் அவளுக்குத் தெரியப்படுத்தினேன். முன்பே சொன்னால் தடுத்துவிடுவாள் என்று பயம். சரக்கு ஏற்றிய காகிதங்களை ஃபேக்ஸில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. நன்றி சொல்லுவாள், அழுவாள், நானும் சேர்ந்து அழலாம் என்று தயாராக இருந்தேன்.

“வேண்டாம்னு உன்கிட்ட சொன்னேன்,” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அக்டோபரில் சரக்கு அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பனிக்காலம் முழுக்கப் பணம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, ஆனால் வந்துகொண்டே இருந்தது. மற்ற கம்பெனிகளிடம் கேட்டுக் கேட்டுச் சரக்கு வாங்கியவர்கள் பலர் பிறகு போனையே எடுக்கவில்லை என்று முதலாளி சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். வசந்தத்தில் அடுத்த கண்டெய்னரை அவரே அனுப்பச் சொன்னார். ஆபீஸில் எனக்கு நல்ல பெயர்.

அவள் மட்டும் பழைய மாதிரி பேசவில்லை. வாரா வாரம் கூப்பிடுவேன். எண்ணிக்கை சொல்வாள், தேதி சொல்வாள், சாப்பிட்டேன் என்பாள். அவ்வளவுதான். என் பெண்ணின் காதைப் பற்றிக் கேட்பதில்லை. ஒருநாள் இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினில் மளிகை வாங்கிவிட்டு, ஓக் ட்ரீ ரோடு பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன். போதும் என்று சொன்னவளின் இலையில் நான் சோற்றைக் கொட்டவில்லை, ஒரு கடனைக் கொட்டியிருக்கிறேன் என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் அன்றே சொன்னதுதான். அவர் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டவில்லை. அதற்காகவே அந்த வாரம் அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன்.

இரண்டாயிரமாவது வருஷ வசந்தத்தில், நியூ யார்க்கில் நடந்த ஒரு மருந்து வணிகக் கண்காட்சிக்கு அவள் வந்தாள். நுவார்க் விமான நிலையத்துக்கு நானே போனேன். குண்டாகச் சிரித்த முகமாக ஒருத்தி வருவாள் என்று இத்தனை வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தவள் ஒல்லி, நெடுநெடுவென்று உயரம், அந்த வெயிலுக்குப் பொருந்தாத கனமான கோட்டு. அவளும் என்னைப் பார்த்துவிட்டு, இவ்வளவு குள்ளமா என்பது போலக் குனிந்துதான் கட்டிக்கொண்டாள். கோட்டில் மருந்துக்கடை வாசனை அடித்தது.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் எங்கேயோ விபத்து. கார்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. பேசாமல் இருக்க எனக்குத் தெரியாது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு நீ நிஜமாத்தான் வேண்டாம்னு சொன்னியா?”

“நிஜமாத்தான். எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான்.”

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், முன்னால் நின்ற லாரியின் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“மூடிடறேன்னு சொன்னேனே, கடையை மட்டும் சொல்லலை. அந்த வாரத்தோட எல்லாத்தையும் முடிச்சுக்கறதா இருந்தேன். ஒருத்தருக்கும் பாக்கி வெச்சுட்டுப் போகக் கூடாது, அது ஒண்ணுதான் மனசுல இருந்தது. கூரைக்காரங்களுக்கு, வேலை செய்யற பொண்ணுங்களுக்கு எல்லாம் கொடுத்து முடிச்சேன். உன் சரக்கையும் வேண்டாம்னுட்டேன். கணக்குத் தீர்ந்தது, நிம்மதியா இருந்தது. அப்பத்தான் உன் ஃபேக்ஸ் வந்தது, கப்பல் கிளம்பிடுச்சுன்னு.”

தொலைபேசியில் நான் கேட்டதெல்லாம் சாப்பாட்டைத்தான்.

“உன்னைக் கடன்ல மாட்டி விட்டுட்டு எப்படிப் போறது? உன்மேல எனக்கு வந்த கோவம், என் புருஷன் மேலகூட அவ்வளவு வந்ததில்லை. லாரி வந்து நின்னப்போ முதல் பனி கொட்டிக்கிட்டிருந்தது. யாராவது இறக்கி வெக்கணுமே. நானே இறக்கினேன். மறுநாள் எழுந்து உன்னைத் திட்டிக்கிட்டே கடையைத் திறந்தேன். அதுக்கு மறுநாளும் திட்டிக்கிட்டே திறந்தேன். இன்னிக்கு வரைக்கும் காலைல எழுந்தா முதல்ல உன்னைத்தான் திட்டறேன்.”

“திட்டு,” என்றேன். “தினம் திட்டு.”