நான் நீக்கிய பெயர்

ஒவ்வொரு ஜூனிலும் கராச்சியிலிருந்து அந்த டாக்டரம்மா தொலைபேசியில் அண்ணன் முறை வைத்து முதலில் கேட்பது, "பாய் சாப், உங்க ஊர்ல மழை வந்தாச்சா?" என்பதுதான். இங்கே மும்பையில் மழை இறங்கிச் சில வாரங்களில் அங்கேயும் இறங்கும். பின்னாலேயே டெங்கு வரும். நான் செம்பூரில் கொசு ஆராய்ச்சி செய்பவன். தாராவிச் சந்துகளில் நீல டிரம்களிலிருந்து நான் கொசுப்புழு எடுப்பேன். அவர் அங்கே தண்ணீர்த் தொட்டிகளிலிருந்து எடுப்பார். எந்த மருந்துக்கு எது சாகவில்லை என்று இருவரும் ஒப்பிடுவோம். ஒரே முறை, கொழும்புக் கருத்தரங்கில் நேரில் பார்த்தோம். மேடைப் பூச்சாடியைச் சாய்த்துத் தண்ணீரில் புழு இருக்கிறதா என்று பார்த்தவர், இருப்பதைக் கண்டதும் சிறுமியைப் போலக் கைதட்டினார்.

எங்கள் இருவரின் ஐந்து வருட உழைப்பு கட்டுரையாகி அச்சுக்குப் போகும் நேரத்தில் எல்லையில் குண்டு விழுந்தது. எங்கள் துறைத் தலைவர் கட்டுரையைப் புரட்டிவிட்டு, "தேக் லோ" என்றார். பார்த்துக்கொள் என்றுதான் அதற்குப் பொருள். கராச்சிப் பெயரை நீக்கு என்று அவர் சொல்லவில்லை. நீக்கியது நான். கராச்சிக் கணக்குகளையும் எடுத்தேன். டாக்டரம்மா வகுத்துத் தந்த சோதனை முறையை மட்டும் எடுக்க முடியவில்லை. அது இல்லாமல் கட்டுரையே இல்லை.

மாட்டுங்கா வீட்டில் என் மனைவி அச்சுப் பிரதியைப் பார்த்தாள். "அவா பேர் எங்கே?"

"இந்த நேரத்துல வேண்டாம்னு பட்டது. அவாளுக்கும் அங்கே கஷ்டம் வருமோன்னோ."

"அவாளைக் கேட்டேளா?"

கேட்கவில்லை. அவருக்காகப் பயந்தேன் என்று சொல்லிக்கொண்டது பொய். என் வேலைக்காகத்தான் பயந்தேன்.

கட்டுரை வெளிவந்து பத்து நாளில் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திறக்கவே கை வரவில்லை. பெயரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 'மூன்றாம் அட்டவணையில் மருந்தளவில் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருக்கிறது. அந்த அளவில் தெளித்தால் உங்கள் தாராவியில் ஒரு புழுவும் சாகாது. மழைக்கு முன் திருத்திவிடுங்கள்.'

சரிபார்த்தேன், அவர் சொன்னது சரி. அன்றே திருத்தம் எழுதினேன். அந்த அரைப் பக்கத்தில் அவர் பெயரைச் சேர்க்க இடம் இருந்தது. சண்டையும் அப்போது ஓய்ந்திருந்தது.

ஆனால், 'பிழையைச் சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி' என்று எழுதி அனுப்பினேன்.