நிறுத்திய இடத்தில் ஒரு பள்ளம்

இந்த ஊரில் மருந்துக்கடையில்கூட எண் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். ஸ்வீடனுக்கு வந்து மூன்றாண்டாகியும் எனக்கு உட்காரத் தோன்றுவதில்லை. நிற்பவனைப் பார்த்து இங்கே யாரும் சிரிப்பதில்லை என்பதுதான் விசித்திரம்.

ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சம்பளமே காத்திருப்பதற்குத்தான். செம்பில் சிறிது மாங்கனீஸ் கலந்த ஒரு துண்டு. அதில் ஒவ்வொரு மாங்கனீஸ் அணுவும் குட்டிக் காந்தம். ஒன்று இழுக்கும் பக்கம் இன்னொன்று வராது. குளிரவைத்தால் ஒழுங்காக அடங்காது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கக் கழிவுமண் குவிந்த சயனைடு மேடுகளைப்போன்ற மேடுபள்ளங்களில், ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்கு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். குளிர்விக்கும்போது நடுவே சில மணி நேரம் நிறுத்திவிட்டு மேலும் குளிர்விப்போம். திரும்பச் சூடேற்றினால், நிறுத்திய அதே வெப்பநிலையில் காந்த அளவின் வரைகோடு குழிந்து இறங்கும். நிறுத்திவைத்ததை அது மறப்பதில்லை.

“நீ பொறுமைசாலி. தியானம் செய்வாயோ?” என்றார் உடன் வேலை செய்யும் ஆண்டர்ஸ்.

“இல்லை, பகை” என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

1993, ஈஸ்டருக்கு மறுநாள். தங்கச் சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் வேலையிலிருந்த என் நைனா, ஆட்களை உள்ளே இறக்கும் கேஜ் போன பிறகு வந்து சேர்ந்தார். ஆபீசர் அவரைச் சுரங்கவாயில் இருந்த ஷாஃப்ட் கேட்டில் ஷிஃப்ட் முடியும்வரை நிற்கவைத்தார். தொப்பி விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. “எரியவிட்டு நில்லு, எல்லாரும் பாக்கட்டும்.” கல்லூரிக்குப் போகும் வழியில் நானும் பார்த்தேன். அதன்பிறகு நைனா அந்தக் கேட்டைத் தவிர்த்து, சர்ச்சுக்குச் சுற்றுவழியில்தான் போனார்.

2001இல் சுரங்கம் மூடியது. சில மாதங்களில் அதே ஆபீசர் என் தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினார். “தம்பி, நீ நம்ம ஊர்ப் பையன். என் மகன் எம்.எஸ்சி. முடிச்சிருக்கான். உங்க புரொபசர்கிட்ட ஒரு வார்த்தை...”

நைனாவின் பெயரைச் சொன்னேன்.

“யாருப்பா? எத்தனையோ பேர் வேலை செஞ்சாங்க.”

மறந்தேபோயிருந்தார். அதுதான் என்னை எரித்தது. “ஊரிகம் தொழிலாளர் லைன்ல யாரைக் கேட்டாலும் எங்க வீட்டைக் காட்டுவாங்க சார். வாசல்ல போய் நில்லுங்க. அப்புறம் பேசலாம்.”

அடுத்த ஞாயிறு, சர்ச் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து நைனா கூப்பிட்டார். “இன்னாடா பண்ண நீ? அந்த ஆபீசரு நம்ம வாசல்ல வந்து நிக்கிறாரு!”

“உள்ள கூப்ட்டீங்களா நைனா?”

“நா எதுக்குக் கூப்டணும்? டார்ச்ச கையில குடுத்தேன். எரியவுட்டு நில்லுங்க சார், லைனே பாக்கட்டும்னேன். மூஞ்சி செத்துப்போச்சு. சட்டைய மாட்டிக்கினு கெளம்பிட்டேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஷாஃப்ட் கேட்டு வழியாவே வந்தேன்டா.”

ஆபீசர் மறுபடி கூப்பிடுகிறார். அவர் மகன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால், அப்புறம் பேசலாம் என்றேனே தவிர, எப்போது என்று சொல்லவில்லை.

இன்று துண்டைச் சூடேற்றுகிறேன். நிறுத்திய இடத்தில் கோடு குழிகிறது. நைனா அந்தக் கேட்டைக் கடந்துவிட்டார். இங்கே என் பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது. நான் இன்னும் கேட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிறேன்.