உரிய வழியாக ஒரு புகார்

விதி பன்னிரண்டு: மருத்துவரின் எழுத்துமூல உத்தரவின்றி இல்லத்தில் வசிக்கும் எவருக்கும் எந்த மருந்தும் தரலாகாது. ஒவ்வொரு வேளை மருந்தும் கொடுக்கப்பட்ட உடனே பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும்.

கல்கத்தாவில், டாலிகஞ்ச் பகுதியில், சினிமா ஸ்டூடியோக்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் நாங்கள் சேர்ந்த அன்று விதிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு முறை படித்தேன். அதைப் படித்த முதல் ஆள் நான்தான் என்பது மானேஜரின் முகத்தில் தெரிந்தது. குறை சொல்ல முடியாத விதிகள். எழுதியவர் அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்கியிருக்க மாட்டார்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். எந்தத் தாள் யார் வழியாக யாருக்குப் போக வேண்டும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, திரும்பிப் போகாமலே ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்றேழில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. அவற்றோடு வங்காளப் பேச்சும் போயிற்று. நாற்பது வருடம் காய்கறிக்காரர்களோடும் பக்கத்து வீட்டுக்காரர்களோடும் சரளமாகச் சண்டை போட்ட மொழி, ஒரே காலையில் அவளைவிட்டுப் போய்விட்டது. திருநெல்வேலித் தமிழ் மட்டும் மிஞ்சியது. அப்படி நடப்பதுண்டு என்றார் டாக்டர். அடுத்த வருடம் எனக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. வீட்டில் இரண்டு நோயாளிகள், வாரத்துக்கு ஒரு புது ஆயா. இல்லம் என்ற யோசனை என்னுடையது.

ஆண்களுக்குத் தரைத்தளம், பெண்களுக்கு மாடி. ஒரே படிக்கட்டு. அதன் அடியில் மடங்கி விரியும் இரும்பு கேட், அதற்கு ஒரு பூட்டு. எப்போதோ ஒரு அம்மாள் தெருவில் இறங்கிப் போய்விட்டாளாம், அதனால் பூட்டு. சாவி மானேஜரின் மேசைக்குள். சமையலறையும் கீழேதான். அங்கே அடுப்பு ஒருநாள் ஓங்கி எரிந்தால் மாடியில் இருக்கும் பதினான்கு பெண்கள் எப்படி இறங்குவார்கள் என்று முதல் வாரமே கேட்டேன். "நல்லதே நினைங்க, மேசோமஷாய்" என்றார் மானேஜர். அங்கே எல்லாக் கிழவர்களும் அவருக்குச் சித்தப்பா முறை, கிழவிகள் எல்லாம் மாசிமா, சித்தி.

தினமும் நாலு மணியிலிருந்து ஐந்து வரை நான் மாடிக்குப் போகலாம். அந்தக் கட்டிடத்தில் என் மனைவி பேசுவது புரிகிற ஒரே ஆள் நான். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் அவள் பேச்சு அவர்களுக்கு வெறும் சத்தம்.

துர்கா பூஜை முடிந்த மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. நான் போய் உட்கார்ந்ததும், அறையில் ஆயா இல்லை என்று பார்த்துக்கொண்டு, இடது கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பாதி கரைந்த ஒரு வெள்ளை மாத்திரை.

"முழுங்கலையா?"

"நாக்குக்கு அடியில வச்சிக்கிட்டேன். அவ அங்கிட்டுப் போனதும் துப்பிட்டேன். இத முழுங்குனா நீங்க வந்துட்டுப் போறதே தெரிய மாட்டேங்கு."

"எதுக்குக் குடுக்கா?"

"தண்ணி கேட்டேன். அவளுக்குப் புரியல. சத்தமாக் கேட்டேன். அதுக்குத்தான்."

என் அறையில் இன்னொருவர் இருந்தார். ஹவுராப் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்து, தொழிற்சங்கத்தில் கத்திக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர். மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தூக்க மாத்திரை, மஷாய். எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது பாதி. உங்க வீட்டம்மாவுக்கு முழுசா? மாடியில எவ்வளவு தாராளம் பாருங்க!"

அவள் மருந்துச் சீட்டு எனக்கு மனப்பாடம். அதில் தூக்க மாத்திரை கிடையாது. மருந்துப் பதிவேடு மானேஜர் அறை வாசலில் ஒரு ஸ்டூலின்மேல் கிடக்கும். புரட்டினேன். அன்று வியாழன். கையெழுத்துகள் வரப்போகிற ஞாயிறு இரவு வரை போடப்பட்டிருந்தன. ஒரே மை, ஒரே அழுத்தம், ஒரே மூச்சில் போட்டது. என் பணிக்காலத்தில் இப்படிப் பல பதிவேடுகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்று அறைக்குத் திரும்பித் தாளை எடுத்தேன்.

புகார் எழுதினேன். ஆறு பத்தி. இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளருக்கு, மானேஜர் வழியாக.

"தபால்ல போடறீங்களா?" என்றார் ஃபிட்டர்.

"இல்ல. மானேஜர்கிட்ட குடுக்கணும். அவர்தான் மேல அனுப்புவார்."

"யார் மேல புகார்?"

"மானேஜர் மேல."

பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார். "அவனைப் பத்தின புகாரை அவன் கையிலயே குடுத்து, ரசீதும் வாங்கிட்டு வருவீங்க. நீங்க பெரிய ஆபீசர்தான், ஒத்துக்கறேன்."

"நேரா அனுப்பினா, உரிய வழியா வரலைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். அப்படித் திருப்பி அனுப்பியவன் நான்தான். எத்தனை பேருடையவை என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

மானேஜர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். "மேசோமஷாய், இந்த மாதிரி இங்கிலீஷ் இப்ப யார் எழுதறாங்க!" என்றார். நகலில் முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, ஒரு சந்தேஷ் இனிப்பையும் நீட்டினார். தின்றேன்.

மறுநாள் நாலு மணிக்குப் போனபோது அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டேன். கன்னத்தைத் தட்டினேன். கண்ணிமை சற்றே விரிந்து, வெள்ளை தெரிந்து, மூடிக்கொண்டது. முந்தானையைத் தடவிப் பார்த்தேன். முடிச்சு இல்லை. தலைமாட்டுக் கிண்ணத்தில், மிச்சமிருந்த பருப்பின் அடியில் வெள்ளையாக ஒரு மாவு படிந்திருந்தது.

அப்போதுதான் என் பத்தி நான்கு நினைவுக்கு வந்தது. 'என் மனைவி மேற்படி மாத்திரையை விழுங்காமல் நாவின் கீழ் ஒதுக்கிவைத்து, பின்னர் என்னிடம் ஒப்படைத்தார்.' சாட்சியம் முழுமையாக இருக்க வேண்டும் என்று நான் எழுதியது. அவளுக்கென்று இருந்த ஒரே பாதுகாப்பை, தெளிவான ஆங்கிலத்தில், நகலோடு அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன். இப்போது பொடித்துக் கலக்கிறார்கள்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். "ஜவ்வரிசி" என்றார் மானேஜர், பார்க்காமலே.

சனிக்கிழமை நாலு மணிக்கு கேட் திறக்கவில்லை.

"டாக்டர் சொல்லிட்டார், மேசோமஷாய். மாசிமாவுக்கு ஓய்வு வேணும். நீங்க போனா படபடப்பாகுது."

"அது எழுத்தில் இருக்கிறதா?"

"எழுதிடலாம்" என்று புன்னகைத்தார்.

அந்தப் புன்னகையை எனக்கு நன்றாகத் தெரியும். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது முதல் தடவை.

அப்போதிருந்து அந்த கேட்டின் அருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கம்பிகளுக்கு அப்பால் எட்டுப் படி தெரியும், பிறகு சுவர். வெளியே போய் யாரையாவது அழைத்து வரலாமா என்று எழுந்தேன். நான் இல்லாத நேரத்தில் ஏதாவது நடந்துவிட்டால் என்று உட்கார்ந்தேன். பலமுறை எழுந்து பலமுறை உட்கார்ந்தேன். சாயங்காலம் அவள் குரல் கேட்டது. என்னைத்தான் கூப்பிட்டாள். "இந்தாங்க... இந்தாங்க..." நான் பதிலுக்குக் கத்தினேன். என் குரல் அந்தச் சுவர் வரை போனதா என்று தெரியவில்லை. ஞாயிறு காலையில் இரண்டு முறை கூப்பிட்டாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கூப்பிடும்போது எனக்கிருந்தது வேதனை. நின்றபின் வந்தது பயம். காதைக் கம்பியோடு ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கள், மதியச் சாப்பாடு ஆனதும், ஃபிட்டர் தன் நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார்.

"போதும், மஷாய். கேராவ் பண்ணுவோம்."

அந்தக் காலத்தில் என்னையும் ஒருமுறை கேராவ் செய்திருக்கிறார்கள். எழுபது ஊழியர்கள் என் அறையைச் சூழ்ந்துகொண்டு பதினோரு மணி நேரம் எழவிடவில்லை. ஆகவே முறை எனக்கு உள்ளிருந்து தெரியும். இந்த முறை சூழ்ந்தவர்கள் ஏழு பேர். அதில் நாலு பேருக்குக் கைத்தடி. சாப்பாட்டு அறையின் பிளாஸ்டிக் நாற்காலிகளை மானேஜரின் மேசையைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்தோம்.

"சாவி" என்றார் ஃபிட்டர்.

மானேஜர் சிரித்தார். பிறகு போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடு, பாபா. வந்தா முதல்ல மாடியைக் காட்டு."

போனை எடுத்தவர் வைத்துவிட்டார். பத்து நிமிடத்துக்கொருமுறை எங்களில் ஒருவர் எழுந்து கழிவறைக்குப் போனார். அவர் திரும்பும்வரை அடுத்தவர் நாற்காலியை அகட்டிப் போட்டு வழியை அடைத்தார். "புராஸ்டேட் ஒண்ணு வெளிய போகுது, வரிசையை நெருக்குங்க" என்று ஃபிட்டர் ஆணையிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு மணி நேரம் என்ற எண்தான் தலைக்குள் சுற்றியது. இங்கே கழியும் ஒவ்வொரு நிமிடமும் மாடியிலும் கழிந்துகொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஃபிட்டர் எழுந்து தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து, கெட்டுப்போன அந்தத் தொண்டையால் ஒரு கோஷம் போட்டார். கல்கத்தாவில் ஒரு கோஷத்துக்கு இருபது பேர் வருவார்கள். எதற்கென்று பிறகுதான் கேட்பார்கள். மிட்டாய்க் கடையிலிருந்து சிலர், ரிக்‌ஷாக்காரர் ஒருவர், பையோடு ஒரு பெண்மணி. "என்ன ஆச்சு, தாத்தா?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மானேஜர் மேசை இழுப்பறையைத் திறந்தார்.

சாவி பூட்டின் துளைக்குள் போகவில்லை. மறுபடி வைத்தேன், மறுபடி வழுக்கியது. ஃபிட்டர் வாங்கித் திறந்தார்.

அவள் கட்டிலில் இருந்தாள். நல்ல கையை, அந்த ஒரு கையை, பழைய சேலைக் கிழிசலால் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. முடிச்சை அவிழ்க்க என் விரல்களுக்குத் தெரியவில்லை, பல்லால் இழுத்தேன்.

தெருவில் கூடியவர்களே அவளை மருத்துவமனைக்குத் தூக்கிவந்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்த அங்கிருந்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. புதன்கிழமை கண்ணைத் திறந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நாலு மணிக்கு வாரேன்னு சொன்னீயளே?"

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டில் வைத்தேன்.

ஜாதவ்பூரில் ஒரு தரைத்தள வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். மருந்தை நானே கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கினாலும் அவள் அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பாள். நான் அகன்றதும் விழுங்கினாளா, துப்பினாளா என்று தேடிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, மூன்று முகவரி மாறி, செயலாளரின் பதில் வந்தது. மானேஜரின் விளக்கம் பெறப்பட்டது. பதிவேட்டில் எல்லாக் கையெழுத்துகளும் முறையாக உள்ளன. ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை. கடைசி வரி: தங்களுக்குப் பின் தங்கள் மனைவியைக் கவனிப்பார் இல்லையெனில், அவருக்கு இல்லத்தில் ஓர் இடம் எப்போதும் ஒதுக்கித் தரப்படும்.

"யாரு போட்ட லெட்டரு?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள்.

"பென்ஷன் ஆபீஸ்" என்றேன்.

எனக்கு எழுபத்து மூன்று வயது, ரத்தக் கொதிப்பு. கவனிப்பார் என்று நான் எழுதிக்கொடுக்கக்கூடிய பெயர் ஒன்றுகூடக் கிடையாது. கடிதத்தைக் கிழித்துப்போட எடுத்தேன், முடியவில்லை. துளையிட்டுக் கோப்பில் சேர்த்து, வழக்கப்படி வலது மேல் மூலையில், வரப்பெற்ற தேதியைக் குறித்தேன். 19 ஜனவரி 2000.