'பி' வட்டு

பிஷ்கெக்கில் பெகிமாய் பதினோரு ஆண்டுகளாக, கணினியை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலில் வட்டுகளை ஆளும் பகுதியை எழுதிவருகிறாள். கணினி தொடங்கும்போது முதலில் விழிக்கும் வட்டுக்குக் கெர்னல் 'ஏ' என்று பெயர் வைக்கும், அடுத்ததற்கு 'பி'. வட்டுகள் வரிசையாக அல்லாமல் ஒரே சமயத்தில் விழிக்கும்படி மூன்று மாதம் உழைத்து மாற்றியிருந்தாள். இன்று அந்தக் கெர்னலை ஓடவிட்டு, வழக்கம்போல் சோதனை வட்டான 'பி'யை அழித்தாள். பிறகு பார்த்தால் அவளுடைய கோப்புகள் ஒன்றுகூட இல்லை. 

"சோதனை வட்டு முந்திக்கிச்சுக்கா, அதான் அது 'ஏ' ஆயிடுச்சு, உங்க வட்டு 'பி' ஆயிடுச்சு," என்றான் பக்கத்து மேசை உலான். "நகல் எங்க?"

"அதே வட்டுலதான்டா."

"ஆனா உங்க மாற்றம் பிரமாதமா வேலை செய்யுது!"

மூன்று மாத உழைப்பு இப்போது ஓடும் கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருந்தது; மின்சாரம் நின்றால் அதுவும் போய்விடும். பெகிமாய் எழுந்து, மின்கம்பியை யாரும் மிதிக்காதபடி நாற்காலியைக் குறுக்கே போட்டாள்.