வலது ஓரத்து ஆள்

அணிநடைக் கையேடு, வரிசையின் வலது ஓரத்தில் நிற்கும் மார்க்கரைப் பற்றி இப்படிச் சொல்கிறது: "நிமிர்ந்த தோற்றமும் தளராத நடையும் உடையவர். ஐயத்துக்கு இடமின்றி முடிவெடுப்பவர். அணி முழுவதும் அவரைப் பார்த்தே தன்னைச் சரிசெய்துகொள்ளும்."

சிறைக் காவலர் பயிற்சிப் பள்ளியின் மகளிர் அணியில் அந்த இடத்தில் நின்றவளுக்கு முப்பத்தொன்பது வயது. தட்டைப் பாதம். வலது முட்டியில் தேய்மானம். கடைக்குப் போனால் எந்த சோப்பு என்று தீர்மானிக்க முடியாமல் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வருகிறவள். அவளை அங்கே நிறுத்தியதும் அதே கையேடுதான். அணியிலேயே உயரமானவர் வலது ஓரம் என்பது அதன் இன்னொரு விதி. ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. பலனை நெட்டையக்கா அனுபவித்தாள். அணியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், மரியாதையாகவே.

இதற்கு முன் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடுகிற வேலை. அதனால் நிற்பதில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. மற்றவர்கள் வெயிலில் சொக்கி விழும்போது அவள் நட்ட மரம்போல் நிற்பாள். நகர்ந்தால்தான் வம்பு. சாதாரணமாக நன்றாகத்தான் நடப்பாள். "குவிக் மார்ச்" என்று ஒரு குரல் கேட்டுவிட்டால் போதும், பிறந்ததிலிருந்து கற்றதெல்லாம் மறந்துவிடும். வலது காலோடு வலது கை போகும், இடது காலோடு இடது கை போகும். சாவி கொடுத்த பொம்மைகூட அப்படி நடக்காது.

டிரில் மாஸ்டருக்கு அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. முதல் மாதம் திட்டினார். இரண்டாம் மாதம் கெஞ்சினார்.

"யம்மா தாயே, கையும் காலும் மாறி மாறிப் போகணும். மாடுகூட அப்படித்தான் போகுது."

"மாட்டுக்குக் கை இல்லைங்க மாஸ்டர்," என்றாள் பக்கத்தில் நின்ற, ரேடியோ என்று பட்டப்பெயர் வாங்கியவள். உதடு அசையாமல் பேசுவதில் அவள் தேர்ச்சி பெற்றிருந்தாள். பள்ளி சொல்லிக்கொடுக்காமலே அவள் கற்ற ஒரே பாடம் அதுதான்.

"யாரு பேசினது?"

அணி கற்சிலையாக நின்றது. அந்த ஒரு விஷயத்தில் அவர்களுடைய ஒழுங்கு அப்பழுக்கற்றது.

முதல் தேர்வில் நெட்டையக்கா தோற்றாள். இரண்டாம் முறையும் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்புவது அவர்களுக்குச் சுலபம். அவளுக்குத்தான் எந்த வீட்டுக்கு என்று தெரியவில்லை. விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். கூடத்தில் பீரோவுக்குப் பின்னால்தான் இத்தனை வருஷமும் அவள் கட்டில் கிடந்தது. அதைக் காணோம். அங்கே அண்ணன் மகளின் படிப்பு மேசை வந்திருந்தது.

"கட்டிலப் பிரிச்சு மாடியில ஏத்திட்டோம்," என்றாள் அண்ணி. "நீதான் பாஸாகி குவார்ட்டர்ஸ் போகப்போறியே. உன்மேல அவ்வளவு நம்பிக்கை எங்களுக்கு."

"இன்னொரு தேர்வு இருக்கு அண்ணி."

"நடக்கறதுக்கா? நம்ம பாப்பா பதினோரு மாசத்துல நடந்தா. எந்த மாஸ்டரும் வரல."

அண்ணன் சிரித்தார். பிறகு தங்கை சிரிக்கவில்லை என்று கண்டு செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அவள் அன்றிரவு பாய் விரித்துப் படுத்தாள். மேசைக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் உயரத்துக்கு இடம் போதவில்லை. முட்டியை மடக்கிப் படுத்ததில் அது மறுநாள் நீள மறுத்தது.

தேர்வு நாளில் அதிகாரி நிழற்குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். அணி மைதானத்தின் குறுக்கே நடந்து, எதிர்ச் சுவரை நெருங்கியதும் டிரில் மாஸ்டர் "அபௌட் டர்ன்" சொல்ல வேண்டும். திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"குவிக் மார்ச்!"

நெட்டையக்காவின் வலது காலோடு வலது கை கிளம்பியது.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அதே நேரம் பின்னாலிருந்து அதிகாரி கூப்பிட்டார். அவர் அணியைப் பார்க்கவே இல்லை. மைதானத்து ஓரத்தில் ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குழாய் எத்தனை நாளா இப்படி ஒழுகுது?"

அதிகாரி பேசும்போது முதுகு காட்டக் கூடாது. குறுக்கே கத்தவும் கூடாது. மாஸ்டர் திரும்பினார், விறைத்தார், குழாயின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். அதிகாரிக்குத் தண்ணீர் வீணாவது பொறுக்காது. கேள்விமேல் கேள்வி கேட்டார். அணி போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா, சுவரு," என்றாள் ரேடியோ.

"தெரியுது."

"என்ன பண்றது?"

"நின்ன இடத்துலயே கால் போடு."

இதற்கு விதி உண்டு. வழி அடைபட்டு, ஆணையும் வராவிட்டால், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, நின்ற இடத்திலேயே கால் மாற்ற வேண்டும். கை அசையாத நடை என்பதால் அவளுடைய குறை அதில் தெரியாது. பயிற்சிக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் பிசகில்லாமல் நடந்தாள், ஒரு அடிகூட முன்னேறாமல். பின்வரிசைகளும் அவளைப் பார்த்துக் கால் போட்டன. மூக்குக்கு நேரே சுவர். அதில் யாரோ சுண்ணாம்பு அடித்துப் பாதியில் விட்டிருந்தார்கள்.

குழாய் முடிந்து பேச்சு தொட்டிக்குப் போனது. தொட்டி முடிந்து மோட்டாருக்கு.

"அக்கா, செத்துருவோம்."

"பேசாத. மூச்சு வாங்கும்."

வெயில் ஏறியது. முட்டிக்குள் யாரோ மணலைப் போட்டு அரைப்பதுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தூக்கினாள். பிறகு தூக்க முடியவில்லை.

"அணி, ஹால்ட்."

சத்தமாகக்கூட இல்லை. ஆனால் கால் பார்த்துச் சரியாக விழுந்த சொல். அத்தனை பூட்ஸும் ஒன்றாக அடங்கின. மைதானம் திடீரென்று அமைதியானதில் அதிகாரி மோட்டாரை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"யாரு ஹால்ட் சொன்னது?"

திரும்பு என்று யாரும் ஆணையிடாததால் அவள் சுவரிடமே பதில் சொன்னாள்.

"நான்தாங்க ஐயா."

"ஏன்?"

மேசைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்த பாய் நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். மாஸ்டர் முந்திக்கொண்டார். இந்தக் கேள்வி அடுத்து தன்மேல் திரும்பும் என்று அவருக்குத் தெரியும்.

"அணியோட நிலைமையைப் பாத்து மார்க்கர் சுயமா முடிவெடுத்திருக்காங்க, ஐயா."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அதுதான்யா வேணும். கைதிங்க நடுவுல நிக்கும்போது ஆர்டர் வரும்னு காத்திருக்க முடியுமா? பாரு, இப்பவும் திரும்பல. என்ன ஒழுங்கு." மீதி நடையைப் பார்க்காமலே தேர்ச்சி என்று சொல்லிவிட்டு மோட்டார் அறையை நோக்கி நடந்தார்.

அந்த வாரமே அவளுக்கு குவார்ட்டர்ஸில் ஓர் அறை கிடைத்தது. அவளுடைய துணிச்சலைப் பற்றிப் பள்ளியில் இன்றும் புது அணிகளுக்குச் சொல்கிறார்கள்.

உள்ளபடி நடந்தது இது. முட்டி வலித்தது. இனி முடியாது, நின்றுவிடலாம் என்று நினைத்தாள். திடுதிப்பென்று நின்றால் பின்னால் கால் போடுகிறவர்கள் தாளம் தப்பி இடித்துக்கொள்வார்களே என்று, முதலில் அவர்களை நிற்கச் சொன்னாள்.